நிலை ஒன்று, உரு பல

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மாணவர்கள் வந்து நின்றபோது, வழக்கம்போல் பிள்ளைத்தமிழ் பற்றி ஏதேனும் எழுதித் தந்துவிடலாம் என்றே எண்ணினேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு இசுலாமியப் பிள்ளைத்தமிழ் நூல்களை எடுத்துக்கொண்டவன் ஆதலால், அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் கொஞ்சம் இருப்பில் இருக்கும். ஆயினும் கடந்த ஓராண்டாக என் மனத்தைப் பற்றிக்கொண்டிருப்பது வேறொன்று. அது என் மகளின் கணிப்பொறிக்குள் இருக்கிறது. தமிழ்த்துறை மலரில் அதற்கு இடமுண்டா என்று முதலில் தயங்கினேன். எழுத உட்கார்ந்தபின் பிள்ளைத்தமிழும் தானாகவே உள்ளே வந்துவிட்டது.

என் உம்மா மேலப்பாளையத்தில் பீடி சுற்றியவர். மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூள், ஈரச்சாக்கில் பொதிந்த இலை, கத்தரிக்கோல், அளவுத் தகடு, நூற்கண்டு. காலையில் சோறாக்கி முடித்து உட்கார்ந்தால் இரவு வரை, தொழுகைக்கும் அடுப்படிக்கும் எழுந்த நேரம் போக, அதே இருப்பு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கடையில் கூலி. அந்தக் கூலியில்தான் நான் முதுகலை படித்தேன், 2003இல் எம்.ஃபில். முடித்தேன். 2018இல் உம்மா மறைந்தபோது எங்களிடம் இருந்த ஒரே படம் வாக்காளர் அடையாள அட்டையில் உள்ளதுதான். நிழற்படக் கருவியைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார். உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்கிவைப்பதில் எங்கள் வீட்டில் பழைய தயக்கம் ஒன்று உண்டு. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் சுற்றிய பீடிகளை எண்ணிப் பார்க்கும்போது, அந்த இருப்பு எங்கும் பதியாமல் போயிற்றே என்ற ஏக்கம் எனக்கு இருந்தது.

காட்சித் தொடர்பியல் படிக்கும் என் மகளிடம் இதனை ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் சற்றே யோசித்துவிட்டு, "முகம் வேண்டாம் வாப்பா. வாப்பும்மாவோட இருப்பை மட்டும் செய்வோம்" என்றாள். முகத்தை விட்டுவிட்டு இருப்பை மட்டும் எடுக்க முடியுமா? முடியும் என்பதே அவள் பயிலும் கலையின் அடிப்படை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஓவியம் பயில்வோர் மேசையில் மூட்டுகள் அசையும் சிறு மரப்பதுமை ஒன்றை வைத்திருப்பார்கள். கையை மடக்கி, காலை நீட்டி, வேண்டிய நிலையில் நிறுத்திப் பார்த்து வரைவார்கள். அந்த மரப்பதுமையைக் கணிப்பொறிக்குள் கொண்டுவரும் எண்ணத்தோடு லாரி வைன்பெர்க் என்பவர் உருவாக்கிய மென்பொருள் போசர். 1995இல் ஃப்ராக்டல் டிசைன் என்னும் நிறுவனம் அதனை வெளியிட்டது. பின்னர் டாஸ் 3டி என்ற நிறுவனம் மைக்கேல், விக்டோரியா முதலிய பெயர்களில் ஆணுருவும் பெண்ணுருவும் செய்து விற்றது; அவற்றை இயக்க டாஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளையும் ஆக்கியது. 2011இல் ஜெனிசிஸ் என்ற உருவம் வந்தது. அதன் வழித்தோன்றல்கள் 2, 3, 8, 9 என்று எண் பெற்று வந்திருக்கின்றன. நடுவே 4 முதல் 7 வரை எங்கே போயின என்று மகளைக் கேட்டேன். சிரித்தாளேயொழிய விடை சொல்லவில்லை.

இவ்வுருவங்களுக்கு உள்ளே எலும்புக்கூடு ஒன்று உண்டு. வெளியே தோல். எலும்பை எத்தனை பாகை திருப்புகிறோமோ அதற்கேற்பத் தோலும் இழுபட்டு வரும். தொடை இத்தனை பாகை, முழங்கால் இத்தனை பாகை, கழுத்து இத்தனை பாகை என்று ஒரு நிலைக்குரிய எண்களை எல்லாம் சேர்த்து எழுதிவைத்தால் அதுவே ஒரு நிலைக்கோப்பு. அத்தகைய கோப்புகள் பத்து, இருபது சேர்ந்தது நிலைத் தொகுப்பு. ஒரே சொடுக்கில் நின்றிருக்கும் உருவம் உட்காரும். மற்றொரு சொடுக்கில் ஓடும். இவற்றைக் கடைச்சரக்குப் போல விற்கிறார்கள், சிலர் இலவசமாகவும் தருகிறார்கள்.

இதைக் கேட்டவுடன் எனக்குச் செங்கீரைப் பருவம் நினைவுக்கு வந்தது. குழவி ஒருகால் மடக்கி, ஒருகால் நீட்டி, இரு கையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை அது. முருகனுக்கும் அதே நிலை, மீனாட்சிக்கும் அதே நிலை, நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய எம் புலவர்க்கும் அதே நிலை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்று செதுக்கப்பட்டுள்ளன. ஆடுபவன் ஒருவனே, நிலைகள்தாம் பல. பிள்ளைத்தமிழில் இது தலைகீழ். நிலைகள் பத்தே, பாட்டுடைத் தலைமக்கள்தாம் பலர். அவற்றுள்ளும் காப்பு முதல் அம்புலி வரையுள்ள ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. கடைசி மூன்று ஆண்பாலுக்கு வேறு, பெண்பாலுக்கு வேறு. ஜெனிசிஸின் வரலாறும் இத்தகையதே. முதல் உருவம் இருபாலுக்கும் ஒன்றாக இருந்தது. 2013இல் வந்த இரண்டாவதிலிருந்து ஆணுரு வேறு, பெண்ணுரு வேறு என்று பிரிந்தது. 2022இல் வந்த ஒன்பதாவதில் மீண்டும் ஒன்றாயிற்று. நம் பாட்டியல் ஆசிரியர்கள் இருந்திருந்தால் இதற்கு இலக்கணமே வகுத்திருப்பார்கள்.

ஒப்புமை இவ்வளவு எளிதாக அமைந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது நீடிக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து கைவேலை செய்யும் நிலை எங்கள் தேடலில் அரிதாகவே அகப்பட்டது. நாற்காலியில் அமர்வது, மேடையில் நடப்பது, வாளோங்குவது, சுவரில் சாய்ந்து நிற்பது இவையே பெருகிக் கிடந்தன. கடைசியில் விக்டோரியா 4 என்ற பழைய பெண்ணுருவுக்காக யாரோ செய்துவைத்த இலவச நிலை ஒன்று கிடைத்தது; ஒருகால் மடக்கி, ஒருகால் நீட்டித் தரையில் இருக்கும் நிலை. மகள் அதனைத் தன்னிடமிருந்த ஜெனிசிஸ் 8 உருவின் மேல் ஏற்றினாள். திரையில் தோன்றியதைக் கண்டு இருவரும் திகைத்தோம். தொடைகள் மடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழ் மட்டும் ஒருகால் பின்னோக்கி மடிந்திருந்தது. இடுப்பு தரைக்கு அருகில் இறங்கியிருந்ததால் கால்கள் பாதிக்குமேல் தரைக்குள் புதைந்து கிடந்தன. தலை மட்டும் தனியே குனிந்திருந்தது.

காரணத்தை அவள் பொறுமையாக விளக்கினாள். நிலைக்கோப்பு எலும்புகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பழைய உருவில் தொடைக்கு ஒரே எலும்பு. 2015இல் வந்த ஜெனிசிஸ் 3 முதல் அது மடங்குவதற்கு ஒன்று, முறுகுவதற்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றுவிட்டது. மேற்கையும் அவ்வாறே. விக்டோரியாவுக்குக் கழுத்தில் ஓர் எலும்பு, புதிய உருவுக்கு இரண்டு. வயிறு, மார்பு என்று இரண்டாக இருந்த உடற்பகுதி, கீழ்வயிறு, மேல்வயிறு, கீழ்மார்பு, மேல்மார்பு என்று நான்காயிற்று. பெயர் மாறாத எலும்பு கட்டளைக்குப் பணிந்தது. பெயர் மாறியது தன்னை அல்ல என்று சும்மா இருந்தது. பழைய முகவரிக்குப் போட்ட கடிதம்தான்.

பெயர்களை ஒத்திசைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். அதற்கென்றே மாற்றிகள் விற்கின்றன என்றாள். ஆனால் கழுத்துக்குரிய நாற்பது பாகையை இரண்டு எலும்புகளுக்கு எப்படிப் பங்கிடுவது? ஆளுக்கு இருபதா, கீழே பத்தும் மேலே முப்பதுமா? கணக்குக்கு இரண்டும் ஒன்றே. கண்ணுக்கு அவ்வாறன்று. கீழெலும்பு அதிகம் வளைந்தால் அது வேலையால் கூனிய கழுத்து. மேலெலும்பு அதிகம் வளைந்தால் அது வெட்கத்தால் கவிழ்ந்த தலை.

மற்றொரு சிக்கலும் உண்டு. எல்லா எண்களும் சுழியாக இருக்கும்போது உருவம் எப்படி நிற்கிறது என்பது. ஜெனிசிஸ் 3 வரை அது இரு கைகளையும் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி நின்றது. 2017இல் வந்த ஜெனிசிஸ் 8 கைகளைச் சாய்வாகக் கீழே தாழ்த்தி நிற்கிறது. முன்னதற்குக் கையை இறக்க எழுபது பாகை வேண்டும். அதே எழுபதைப் பின்னதற்குக் கொடுத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் கை இன்னும் இறங்கித் தொடைக்குள் நுழைந்துவிடும். எண் பிழையன்று; எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதில்தான் பிழை. ஆறுமுகனுக்குச் செங்கீரை பாடிய புலவர் பன்னிரு கைகளில் எவ்விரண்டை நிலத்தில் ஊன்றுவிக்க எண்ணினாரோ என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். இதனை வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பார்கள் என்று குறித்தும் வைத்தேன்.

இரண்டு வார உழைப்பில் மகள் அவ்விருப்பை ஒருவாறு கொண்டுவந்தாள். அது இயல்பான இளம்பெண்ணுருவில் நன்றாகவே அமைந்தது. அடுத்து, உம்மாவைப் போன்ற குள்ளமும் பருமனும் முதுமையும் உடைய வடிவத்தை அமைத்து அதன்மேல் அதே நிலையை ஏற்றினாள். எலும்புப் பெயர்கள் ஒன்றே, பாகைகள் ஒன்றே. இருந்தும் எல்லாம் பிசகின. வயிற்றுச் சதை தொடைக்குள் புகுந்தது. இளையவளின் இடுப்பு உயரத்திற்குக் கணக்கிட்ட எண் இவளைத் தரைக்குள் ஒரு சாண் புதைத்துவிட்டது. வலக்கை விரல் இடக்கையில் உள்ள இலையைத் தொடாமல் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு விரற்கடை குறைந்தால் போதும், அதே வளைவுகளோடு கை போய்ச்சேரும் இடம் வேறாகிவிடுகிறது.

அன்றிரவு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கோப்பில் தொடுதல் எழுதப்படுவதில்லை. முழங்கை எவ்வளவு மடங்கியது என்று அதற்குத் தெரியும். அந்தக் கை எதைத் தொடுவதற்காக மடங்கியது என்று தெரியாது. உம்மாவின் இருப்போ தொடுதல்களால் ஆனது. சுளகு தொடையைத் தொட்டது. முதுகு சுவரைத் தொட்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் இலையின் ஓரத்தில் ஒன்றையொன்று தொட்டு உருட்டின. பாகைகள் அவற்றின் பயன் மட்டுமே. எனவே ஓருருவின் நிலையை மற்றோர் உருவுக்கு மாற்றுபவர் எண்களை ஏற்றியபின் ஒவ்வொரு தொடுதலாகத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இடுப்பைத் தரைமட்டத்திற்குக் கொண்டுவந்து, கையைச் சுளகின்மீது ஊன்றி நிறுத்திவிட்டுத் தோளை அதற்கேற்ப அசைத்து, அப்படியே விரல் விரலாக. தரையில் பட்ட சதை தட்டையாகாது என்பதால் அதையும் தனியே அமுக்கிக் காட்ட வேண்டும். மாற்றிகள் செய்வது பாதி வேலைகூட இல்லை என்பது என் எண்ணம். மகள் இதை ஒப்பமாட்டாள்.

சரிசெய்ய வேண்டுமானால் தொடுதல்கள் தெரிந்திருக்க வேண்டும். "வாப்பும்மாவுக்கு எந்தக் கால் நீட்டியிருக்கும் வாப்பா?" என்று மகள் கேட்டாள். நான் இடக்கால் என்றேன். "சுளகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. "குனியும்போது தோள் இறங்குமா?" அதுவும் தெரியவில்லை. ஒரே குண்டுவிளக்கின் கீழ் அவர் பீடி சுற்ற, நான் அவருக்குப் பின்னால் சுவரோரமாய் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தவன். எனக்கு நினைவிலிருப்பது அவருடைய முதுகின் மேற்பாதியும் முக்காட்டின் பின்புறமும்தான். இருபது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் அந்த இருப்பை நான் முன்னிருந்து பார்த்ததில்லை.

பார்த்தவள் என் தங்கை. 1994இல் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, உம்மாவுக்கு எதிரே ஒரு சுளகோடு உட்கார்ந்தவள். இருவர் சுற்றினால்தான் அண்ணன் படிப்புக்குக் கட்டுபடியாகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது. அவள் திருமணமாகிப் போன வீட்டிலும் சில ஆண்டுகள் சுற்றினாள். இந்த முயற்சியைப் பற்றி அவளிடம் நான் அதுவரை மூச்சுவிடவில்லை. உருவம் என்றால் கோபிப்பாளோ என்ற அச்சம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைக் காரணம் அன்று.

மகள்தான் அவளை அழைத்து வந்தாள். தங்கை திரையை நெடுநேரம் பார்த்தாள். தோலின் நிறமும் முகமும் இல்லாத, சாம்பல்நிறப் பதுமை. "காக்கா, இது உம்மா இல்ல" என்றாள். பிறகு, "கால் மாறியிருக்கு. உம்மாவுக்கு வலக்கால்தான் நீண்டு கிடக்கும். இடக்கால் மடங்கி, அந்த முட்டியில சுளகு சாஞ்சிருக்கும். இல்லாட்டா தூள் சிந்திரும்லா" என்றாள்.

மகள் உடனே மாற்றத் தொடங்கினாள். தங்கைக்கு அது போதவில்லை. அடுப்படியில் புடைப்பதற்கு வைத்திருந்த சுளகை எடுத்துவந்து கூடத்தில் சுவரோரமாய் உட்கார்ந்தாள். பதினைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றாதவள். உட்கார்ந்த கணமே வலக்கால் நீண்டது, இடக்கால் மடங்கியது, சுளகு முட்டியில் போய்ச் சாய்ந்தது. கழுத்து கீழ்ப்பகுதியில் வளைந்தது. கீழெலும்புக்கு எத்தனை பாகை என்று ஒரு வாரமாக நாங்கள் செய்திருந்த விவாதம் அங்கே முடிந்தது. பழைய நாட்காட்டித் தாளில் இலையளவு வெட்டிக் கொடுத்தோம். அவள் விரல்கள் அதை உருட்டி, நுனியை நகத்தால் மடக்கின. மகள் மூன்று பக்கமிருந்தும் கைகளையும் கால்களையும் மட்டும் படமெடுத்துக்கொண்டாள். முகம் படாமல் எடுப்பதாக மாமிக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தங்கையின் அளவுகளை வைத்துச் செய்த நிலை உம்மாவின் உருவில் மறுபடியும் பிசகியது. தங்கை உயரமானவள், ஒல்லி. ஆனால் இம்முறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்ல அருகில் ஆள் இருந்தது. "உம்மாவுக்குத் தோள் இவ்வளவு இறங்காது. வயிறு தடுக்கும்லா, அதனால சுளகு இன்னும் தள்ளியிருக்கும். கை நீட்டித்தான் எடுப்பாங்க." "முதுகு முழுசும் சுவர்ல படாது. இடுப்புக்குக் கீழ மட்டும்." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சாம்பல் பதுமை மெல்ல மெல்ல அசைந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் தங்கை பேச்சை நிறுத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகளும் எலியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதற்குமேல் அன்று யாரும் எதையும் தொடவில்லை.

மறுவாரம் வந்தபோது தங்கை வேறு மனநிலையில் இருந்தாள். "இதை யாருக்கு வேணும்னாலும் போடலாமா?" என்று கேட்டாள். மகள் உற்சாகமாக ஆணுரு ஒன்றை அழைத்து அதன்மேல் அந்நிலையை ஏற்றிக் காட்டினாள். அகன்ற மார்பும் திரண்ட புயமும் உடைய வாலிபன் தரையில் குனிந்து உட்கார்ந்தான். சுளகு அவன் தொடைக்குள் பாதி அமிழ்ந்தது. இரு கைகளும் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து நின்றன. தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குப் பொருந்தாது காக்கா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். சிரிப்பும் அடங்கவில்லை. நான் தேநீர் எடுத்துவருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது மகள் ஜெனிசிஸ் 9 உருவுக்கு மாறியிருக்கிறாள். அதில் பெரும்பாலான எலும்புகளின் பெயர்கள் மீண்டும் மாறிவிட்டன. பழைய நிலை அப்படியே ஏறுவதில்லை. மாற்றி ஒன்று வாங்கினாள். கால்களும் முதுகும் ஏறத்தாழ வந்துவிட்டன. கழுத்தை நானே பார்த்துச் சொன்னேன். அவ்வளவுக்கு எனக்கும் பழகியிருந்தது. விரல்கள் மட்டும் படியவில்லை. சுட்டுவிரல் இலையின் ஓரத்தை விட்டு விலகி, எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் நிற்கிறது. இரண்டு இரவுகள் நாங்கள் இருவருமே முயன்று பார்த்தோம். நேற்று மகள் கணிப்பொறியை மூடிவிட்டு, "மாமியைக் கூப்பிடுங்க வாப்பா. இந்தத் தடவை நீங்களே கூப்பிடுங்க" என்றாள்.